எட்டாம் படியில் ஏற்றிவைத்த தகப்பன்

யாகப்பு தன் சீவியத்தில் ஒரேயொரு பெரிய பொய்தான் சொன்னவர். அதுவும் ஒற்றைச் சொல். "ஓம்" என்றார், அவ்வளவுதான். சின்னப் பொய்களை இதில் சேர்க்கக் கூடாது. எந்தப் பக்கத்தில் மீன் பட்டது என்று கேட்டால் நேராகப் பதில் சொல்லுகிற மனுசன் கண்டக்குழியில் இன்னும் பிறக்கவில்லை. அது தொழில். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால் சுவாமியாரே சிரிப்பார். இந்த ஓம் அப்படிப்பட்டது இல்லை. அது வளர்ந்தது. கலியாணம் கட்டியது, கோயில் திருநாளில் கொடி பிடித்தது, கடைசியில் போட்டின் மூக்கில் பெயராகவும் போய்க் குந்திக்கொண்டது.

அந்த ஓமுக்கு முப்பத்து மூன்று வயது நடக்கையில், சூசையப்பர் திருநாளுக்கு ஆறு நாள் இருக்க, புத்தளத்திலிருந்து அப்ரா என்ற பிள்ளை வந்து சேர்ந்தாள்.

பங்குனி மாதம். வாடைக்காற்று ஓய்ந்துவிட்டது, கச்சான் இன்னும் தொடங்கவில்லை. கடல் சொன்ன பேச்சுக் கேட்கிற நாட்கள். இருட்டோடு போன போட்டுகள் எட்டரைக்கெல்லாம் கரைக்கு வந்துவிட்டன. யாகப்பு மீனைக் கொடுத்துவிட்டு, கிணற்றில் குளித்து, நேற்றைய திருக்கைக் கறியோடு அரை றாத்தல் பாணையும் முடித்து, பூவரச மரத்தடியில் வலையை விரித்துப் பாசி ஆய்ந்துகொண்டிருந்தார். மக்டலின் முற்றத்தில் தென்னோலைக் கிடுகுகளை அடுக்கி, அதன் மேல் உப்பில் ஊறிய கட்டா மீனைப் பிளந்து பிளந்து பரப்பிக்கொண்டிருந்தாள். அறுபத்திரண்டு வயது மனுசனும் அவர் பெண்சாதியும் ஆளுக்கொரு வேலையாக, பேசாமல், சந்தோசமாக இருந்த நேரம்.

அப்ரா குடையை மடக்கிவிட்டு ஸலாம் சொல்ல வாயெடுத்து, வீட்டுச் சுவரில் இருந்த மாதா படத்தைக் கண்டு "வணக்கம் அங்கிள்" என்றாள். இருபத்து நாலு வயது இருக்கும். வெள்ளைப் பர்தா வெயிலில் வியர்த்து நனைந்திருந்தது. கையில் தேங்காய்ச் சிரட்டையின் கறுப்பில், விரலால் தொட்டுப் பதிகிற ஒரு டப். சண்டை முடிந்த அடுத்த வருசம் இதே வீட்டுக்கு ஒரு தம்பி கடதாசிக் கட்டோடு வந்து கேள்வி கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா என்று விசாரித்தாள். நாடு முழுக்கச் சில வீடுகளைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்களாம். ஏழு வருசம் கழித்து அதே வீடுகளுக்குத் திரும்ப வருகிறார்களாம். தாய் தகப்பன் இருந்த நிலையிலிருந்து பிள்ளைகள் ஏறியிருக்கிறார்களா, இறங்கியிருக்கிறார்களா, நின்ற இடத்திலேயே நிற்கிறார்களா என்று பார்க்கத்தானாம் இவ்வளவு பாடும்.

தம்பியை மக்டலினுக்கு ஞாபகம் இல்லை. தம்பி கொடுத்துவிட்டுப் போன நீலப் பேசின் நன்றாக ஞாபகம் இருந்தது. அதில்தான் இப்போதும் கட்டா ஊறிக்கொண்டிருந்தது. இந்த முறை என்ன தருவீர்கள் என்று கேட்டாள். குடை என்றாள் அப்ரா. மக்டலின் உடனே கதிரை கொண்டுவந்து போட்டுத் தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டினாள்.

முதல் ஒரு மணித்தியாலமும் யாகப்புவுக்கு ஒரே புழுகமும் சந்தோசமும். ஒரே உலையில் சாப்பிடுகிற ஆட்கள் எத்தனை பேர்? மூன்று. அவர், மக்டலின், மகள் டிலுக்ஷி. மகள் என்ன செய்கிறாள்? கற்பிட்டிப் பக்கத்தில் கணக்கு ரீச்சர். வீடு? கல் வீடு, ஓட்டுக் கூரை, சீமெந்து நிலம். தண்ணீர் இறைக்க மோட்டர், ஓம். பிறிஜ், ஓம். அலுமாரி, இரண்டு. போட், ஒன்று, சொந்தம். இஞ்சின், ஒன்று, அதுவும் சொந்தம். ஒவ்வொன்றுக்கும் ஓம், ஓம் என்று சொல்லச் சொல்ல, நம்மிடம் இவ்வளவு சாமான் கிடக்கிறதா என்று அவருக்கே ஆச்சரியமாகப் போய்விட்டது. மனுசன் தன் வீட்டைத் தானே சுற்றிப் பார்ப்பது இப்படி யாராவது வந்து கேட்டால்தான்.

பிறகு தகப்பன் பகுதி வந்தது. இதைத் தனியாகத்தான் கேட்க வேண்டும் என்று அப்ராவுக்குச் சட்டம். அன்ட்டி கொஞ்சம் அந்தப் பக்கம் இருந்தால் நல்லது என்று நெளிந்து நெளிந்து சொன்னாள்.

மக்டலினுக்கு அது பிடிபடவில்லை. "என்ட மனுசனிட்ட எனக்குத் தெரியாத கதை ஒண்டும் இல்ல, பிள்ள" என்று சொல்லிக்கொண்டு தானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

யாகப்புவுக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது தகப்பன் என்ன தொழில் செய்தார்? அப்ரா கேட்டுவிட்டு, போன முறை எழுதியதையும் வாசித்தாள். சொந்தமாகக் கரைவலை வைத்திருந்த சம்மாட்டி. கீழே வேலை செய்தவர்கள் இருபது பேருக்கு மேல். சரிதானே?

"சரி" என்றார் யாகப்பு. வாய் தானாகச் சொன்னது. முப்பத்து மூன்று வருசப் பழக்கம்.

அப்ரா ஒரு மட்டையை எடுத்து மடியில் வைத்தாள். அதில் ஏணிப் படம். "இதுல பத்துப் படி ஈக்கிது, அங்கிள். ஆக மேல நிக்கிறது நாட்டில ஆக வசதியான ஆக்கள். ஆகக் கீழ நிக்கிறது ஒண்டும் இல்லாத ஆக்கள். இப்ப உங்கட குடும்பம் எந்தப் படியில ஈக்கிது எண்டு விரலால காட்டுங்க."

யாகப்பு ஐந்தில் விரலை வைத்தார். மக்டலின் எட்டிப் பார்த்துவிட்டு ஆறு என்றாள். பிள்ளை ரீச்சராக இருக்கிற வீடு எப்படி ஐந்தாகும் என்பது அவள் வாதம். நாட்டில் எவ்வளவு பெரிய பெரிய ஆட்கள் இருக்கிறார்கள், நாம் பாதியில் நிற்பதே பெரிய காரியம் என்றார் அவர். இருவரும் கொஞ்ச நேரம் அந்தப் படியில் நின்று சண்டை பிடித்தார்கள். கணவன் சொல்வதைத்தான் பதியலாம் என்று அப்ரா தீர்த்துவைத்தாள். ஐந்து.

"அங்கிளுக்குப் பதினஞ்சு வயசா ஈக்கக்குள்ள, உங்கட வாப்பா எந்தப் படி?"

"மாமாவுக்கு எட்டுப் போடு, பிள்ள" என்றாள் மக்டலின். இந்த முறை யாகப்பு மறுக்கவில்லை. இருபது பேருக்குச் சோறு போட்ட சம்மாட்டியை எட்டுக்குக் கீழே எப்படி இறக்குவது? தலையை ஆட்டினார்.

டப்பில் என்னவோ ஒரு புதுக் கட்டம் விரிந்தது. அப்ரா அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். தகப்பனுடைய படியிலிருந்து மூன்று படி இறங்கியிருப்பதால் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டும். இறங்கியதற்குக் காரணம் எது? வருத்தம், யுத்தம், இடம்பெயர்வு, கடல் அழிவு, குடிப்பழக்கம், வேறு. இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

மக்டலின் யாகப்புவுக்காகச் சொன்னாள், கடல் அழிவு என்று. ஒரு கச்சான் கடலில் மாமாவின் வலையும் தோணியும் போய்விட்டதாம், அதோடு சம்மாட்டித்தனமும் போய்விட்டதாம், பாவம் மனுசன். அப்ரா அதையும் டப்பில் அமத்திவிட்டு, குடையைக் கொடுத்து, நாளைக்கு ஆலங்குடாப் பக்கம் வேலை என்று சொல்லிக்கொண்டு போனாள்.

மக்டலின் குடையை விரித்துப் பார்த்தாள். நல்ல குடை. யாகப்பு மறுபடி வலையைக் கையில் எடுத்தார். பாசி கண்ணுக்குத் தெரியவில்லை. இறங்கியதற்குக் காரணம் என்னவாம். மனுசன் பிறந்த நாளிலிருந்து ஏறிக்கொண்டே இருக்கிறான், மூன்று படி இறங்கினானாம்.

உண்மை இதுதான். யாகப்புவின் தகப்பன் சூசை, சிலாபத்துக்குத் தெற்கே ஒரு கரையில், அடுத்தவனுடைய கரைவலையில் கயிறு இழுத்த கூலிக்காரன். வலை இல்லை, தோணி இல்லை, நிற்கிற நிலமும் சம்மாட்டியுடையது. விடியப் போய் இடுப்பில் வாரைக் கட்டி, வாரைக் கயிற்றில் கொளுவி, கடலைப் பார்த்தபடி பின்னால் பின்னால் நடப்பது தொழில். நாற்பது வருசம் நடந்தார். யாகப்புவுக்குப் பத்தொன்பது வயதில் ஒரு நாள் கயிற்றிலேயே விழுந்து செத்துப்போனார். பிறகு யாகப்பு, கரையில் கொட்டில் போட்டு மீன் பிடிக்கிற வாடிக்காரரோடு பருவத்துக்குப் பருவம் கரை கரையாகத் திரிந்து கண்டக்குழிக்கு வந்தார். அங்கே மக்டலினைக் கண்டார். மக்டலினின் தகப்பன் ஊரில் பெரிய சம்மாட்டி, நல்ல மனுசன், ஆனால் கேள்வி கேட்கிற மனுசன். உன் தகப்பன் என்ன தொழில் என்று கேட்டார். கரைவலை என்றார் யாகப்பு. அது பொய்யில்லை. "சம்மாட்டியோ?" என்று கிழவர் கேட்டார். மக்டலின் வேலிக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது. "ஓம்."

கலியாணத்துக்கு அவர் பக்கத்திலிருந்து வந்த ஒரே சொந்தம் ஒரு பெரியம்மா. அவவுக்குக் காது கேளாது. அதனால் பொய் தப்பிவிட்டது.

அது தப்பியதோடு நிற்கவில்லை. சூசையப்பர் திருநாளில் அவர் சிலையை, சுருவத்தை, கூட்டில் வைத்து, சில்லு பூட்டிய வண்டியில் கடற்கரை மணலால் இழுத்துப் போவார்கள். மணலில் சில்லு புதையும். ஆகையால் வண்டிக்குக் கரைவலைக் கயிறு கட்டி, கரைவலை இழுப்பதைப் போலவே சனம் சுருவத்தைப் பார்த்தபடி பின்னால் நடந்து இழுக்கும். கண்டக்குழி வழக்கம் அது. சம்மாட்டி வீட்டு ஆண்கள் மட்டும் கயிற்றைத் தொடுவதில்லை. அவர்கள் கயிற்றுக்கும் முன்னால், கொடி பிடித்துக்கொண்டு நேராக நடப்பார்கள். யாகப்பு மருமகனாக வந்த வருசமே கையில் கொடியைக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து முப்பத்து மூன்று திருநாள், அவர் கயிற்றைத் தொட்டதில்லை.

மறுநாள் காலை கடலில் வலையை விட்டுவிட்டுக் காத்திருக்கும்போது வெளிச்சம் வந்தது. போட்டின் மூக்கில் சிவப்பு எழுத்தில் "சூசைச் சம்மாட்டி" என்று இருந்தது. இந்தப் போட் வாங்கிய அன்று மக்டலின் ஆசைப்பட்டு வைத்த பெயர். இதற்கு முந்தியது வள்ளம், அதற்கு முந்தியது கட்டுமரம், அதற்கும் முந்தி வெறுங்கை. கட்டுமரத்திலிருந்து வள்ளம், வள்ளத்திலிருந்து இஞ்சின் போட் என்று ஒவ்வொன்றாக அவர் ஏறிய ஏற்றம் அவருக்குத் தெரியும், மக்டலினுக்குத் தெரியும். ஆனால் அப்ராவின் கணக்கில் அது இறக்கம். ஏன்? தகப்பனைக் கொண்டுபோய் எட்டாம் படியில் ஏற்றிவைத்தது யார்? அவரேதான். தகப்பனை உயர்த்துவதாக நினைத்து, அந்த மனுசன் நாற்பது வருசம் இழுத்த கயிற்றை அழித்துவிட்டார், தான் ஏறியதையும் அழித்துவிட்டார். யாகப்புவுக்குக் கண் கலங்கியது. கூடப் போன பெடியன்கள் இருவர் நித்திரையாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

கரைக்கு வந்ததும் சைக்கிளை எடுத்தார். மக்டலின் எங்கே என்று கேட்டதற்கு, வலைக்கு மிதப்புக் கட்டை பார்க்க என்றார். பாருங்கள், பெரிய பொய்யைத் திருத்தப் போகிறவர் போகிற வழிக்கு ஒரு சின்னப் பொய்யைக் கட்டிக்கொண்டு போகிறார்.

ஆலங்குடாவில் வெள்ளைக்காரர் பட்டம் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கும் இடத்துக்குப் பின்னால், ஒரு தென்னந்தோப்பில் அப்ரா இருந்தாள். ஒரு வீடு பூட்டிக் கிடந்ததால் தோப்புக்காரர் வரும்வரை மடித்த சேலைத்துணி ஒன்றை விரித்து உட்கார்ந்து இடியப்பப் பார்சலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். யாகப்புவைக் கண்டதும் குடை ஏதும் உடைந்துவிட்டதோ என்று கேட்டாள்.

அவர் சைக்கிளைத் தென்னையில் சாய்த்துவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கூலி, கயிறு, வாடி, மாமனார், ஓம். அப்ரா இடியப்பத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். கடைசியில், நேற்றையது இன்னும் ஒபீசுக்குப் போகவில்லை, திருத்தலாம் என்றாள். மட்டையை எடுத்து ஏணியைக் காட்டினாள்.

"உங்கட வாப்பா எந்தப் படி, அங்கிள்?"

யாகப்பு மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். முதலாம் படியில் விரல் நிற்கவில்லை. அதற்கும் கீழே, மட்டையின் வெறும் வெள்ளையில் வந்து நின்றது.

"இதுக்குக் கீழ ஒண்டும் இல்லையா, மகள்?"

"இல்ல அங்கிள். ஒண்டுதான் கடைசி."

"அவர் படியில நிக்கேல்ல. மணல்லதான் நிண்டார். ஏணிய நாலு பேர் ஏறப் பிடிச்சுக்கொண்டு நிண்ட ஆள்."

அப்ரா டப்பை எடுத்து மடியில் வைத்தாள். தன் வாப்பாவும் உப்பளத்தில் கூலிக்குப் போனவர்தான் என்று சொன்னாள். பிறகு ஒன்றாம் படியை அமத்தினாள்.

அதோடு விட்டதா? போன முறை சொன்னதுக்கும் இந்த முறை சொல்வதற்கும் வித்தியாசம் இருந்தால் காரணம் போட வேண்டுமாம். ஞாபகப் பிழை ஒன்று. முதல் வந்தவர் பிழையாக எழுதியது இரண்டு. வேறு என்றால் மூன்று. அப்ரா இரண்டைப் போடட்டுமா என்று கேட்டாள். யாருக்கும் குறை வராது, அந்தத் தம்பி இப்போது வெளிநாட்டில்.

யாகப்பு வேண்டாம் என்றார். அந்தத் தம்பி வெயிலில் வந்து, சொன்னதைச் சொன்னபடி எழுதி, பேசினும் தந்துவிட்டுப் போனவர். அவர் தலையில் ஏன் போட வேண்டும்? "மூண்டப் போடு, மகள். நான் பொய் சொன்னது எண்டு எழுது."

அப்ரா எழுதினாள். எழுதி முடித்து எழும்பும்போதுதான் மற்ற விசயத்தைச் சொன்னாள். இப்படிப் பெரிதாக மாறின வீடுகளுக்கு ஒபீசிலிருந்து போன் கோல் எடுத்துச் சரிதானா என்று கேட்பார்கள். ஒரு கிழமைக்குள் வரும்.

"எந்த நம்பருக்கு?"

"நீங்க தந்தது அன்ட்டிட நம்பர்தானே."

யாகப்பு கடலுக்குப் போகிறவர், போன் வைத்திருப்பதில்லை. பகலில் வீட்டில் இருக்கிற ஒரே போன் மக்டலினின் இடுப்பில் இருக்கிறது.

செவ்வாய், புதன், வியாழன். மூன்று நாளும் மனுசன் பட்ட பாடு சொல்லி முடியாது. போன் அடித்தால் கையிலிருக்கிற ஊசி விரலில் ஏறியது. ஒருமுறை மகள் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்தது, ஒருமுறை கருவாட்டு முதலாளி, ஒருமுறை பாட்டு வேண்டுமா என்று கேட்கிற போன் கொம்பனிப் பொம்பிளை. மக்டலின் அவளுக்கு வேண்டாம் என்று பொறுமையாக விளங்கப்படுத்திக்கொண்டிருக்க, இங்கே இவர் தைத்த கண்ணியையே மறுபடி தைத்துக்கொண்டிருந்தார். வியாழன் பின்னேரம் இனித் தாங்காது என்று தெரிந்தது. மக்டலின் முற்றத்தில் கட்டாவைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவரும் போய்ப் பக்கத்தில் குந்தி ஒன்றைப் புரட்டினார். கருவாட்டைத் தொடாத மனுசன் தொட்டதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இஞ்ச பாரு, மக்டலின். எங்கட அப்பா சம்மாட்டி இல்ல. கூலிக்குக் கயிறு இழுத்தவர்."

மக்டலின் கை நிற்கவில்லை. அந்த வரிசையைப் புரட்டி முடித்தாள்.

"வலை கடல்ல போனது?"

"வலையே இல்ல."

"தோணி?"

"அதுவும் இல்ல."

"அந்தப் பெரியம்மா?"

"அவ உண்மையான பெரியம்மாதான்."

அவர் எதிர்பார்த்தது சத்தம். சத்தம் வரவில்லை. மக்டலின் நீலப் பேசினைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தாள். கண் நிறைந்துவிட்டது. "எனக்குச் சொன்ன பொய்ய நான் பொறுப்பன். எங்கட அப்பாவுக்குச் சொன்னதையும் பொறுப்பன், அவர் போய்ச் சேந்திட்டார். வருசா வருசம் மாமாட ஆண்டுப் பூசைக்குப் பாரைத் தலை தேடி வாங்கிச் சமைச்சுச் சனத்துக்குக் குடுத்தனே. சின்ன மீன் வச்சா சம்மாட்டிக்கு மரியாதை இல்லையெண்டு. செத்த மனுசனுக்கு முப்பத்து மூண்டு வருசமா வேற ஆள்ட சோத்தப் போட வச்சீங்களே."

இந்தப் பக்கத்தை யாகப்பு நினைத்தே பார்த்ததில்லை.

அன்று சோறு போட்டாள், கதைக்கவில்லை. வெள்ளிக்கிழமையும் கதைக்கவில்லை. டிலுக்ஷி பள்ளிக்கூடத்தால் வந்து, வீடு ஊமையாகக் கிடப்பதைக் கண்டு, தாயிடம் கேட்டுக் கதையை அறிந்தாள். கணக்கு ரீச்சர் இல்லையா, அழாமல் கொள்ளாமல் தகப்பனிடம் வந்து ஒரே கேள்விதான் கேட்டாள். அப்பப்பா எப்படி இருப்பார்? படம் ஒன்றும் இல்லையே, நான் இதுவரைக்கும் பெரிய மீசையும் தங்கச் சங்கிலியுமாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன் என்றாள்.

மீசை இல்லை. மெல்லிய ஆள். எப்படிச் சொல்வதென்று யாகப்புவுக்குத் தெரியவில்லை. எழும்பி, சாரத்தை மடித்துக் கட்டி, இடுப்பைப் பின்னால் கொடுத்து, இரண்டு கையாலும் இல்லாத கயிற்றைப் பிடித்து, குதியை மணலில் ஊன்றிப் பின்னால் பின்னால் நடந்து காட்டினார். அப்பா வீட்டுக்கு வருகிற வழியிலும் ஒரு பக்கம் சரிந்துதான் நடப்பார், வார் கட்டிய இடத்தில் தோல் செருப்புத் தோல் மாதிரி இருக்கும், நான் சின்னப் பிள்ளையில் அதில் விரலால் தட்டிப் பார்ப்பேன் என்று சொல்லிக்கொண்டே நடந்தார். நடந்து நடந்து கிடுகில் கால் தடக்கி, காய்ந்துகொண்டிருந்த கட்டாவின் மேலேயே போய் உட்கார்ந்துவிட்டார்.

டிலுக்ஷி சிரித்த சிரிப்பில் குசினியிலிருந்து மக்டலின் வெளியே வந்தாள். ஒரு வரிசைக் கருவாடு நாசமாகிவிட்டதைப் பார்த்தாள். புருசனைப் பார்த்தாள். சிரிக்கக் கூடாது என்று வாயை இறுக்கிக்கொண்டு நின்றாள், முடியவில்லை.

கையைக் கொடுத்துத் தூக்கிவிடும்போது கேட்டாள். "அவருக்கு என்ன பிடிக்கும்?"

சூடை மீன் என்றார் யாகப்பு. வலை வந்ததும் இழுத்தவர்களுக்குக் கறிக்கென்று ஆளுக்கு ஒரு கை அள்ளிக் கொடுப்பார்கள். அப்பா அதைக் குடல் எடுக்காமல் தேங்காய்ப் பொச்சுமட்டை நெருப்பில் சுட்டு, பாணுக்குள் வைத்து, மேலே தேங்காய்ச் சம்பல் போட்டுத் தின்பார். பாதியைப் பிய்த்து மகனுக்குத் தருவார். எது பெரிய பாதியோ அது மகனுக்கு.

சனிக்கிழமை யாகப்பு மக்டலினின் தமையன் அன்ரனிடம் போய்க் கொடியைத் திருப்பிக் கொடுத்தார். கோயில் சபைக்குத் தலைவர் அன்ரன்தான். முழுக் கதையையும் கேட்டுவிட்டு அன்ரன் வெற்றிலையைத் துப்பினார். முகம் கொஞ்சம் கோணிப்போயிற்று, அதை மறைக்கத் தேவையில்லை. தகப்பன் ஆசையாகக் கொடுத்த கொடி. பிறகு, வழக்கம் வழக்கம்தான், கொடியை என்னால் உன்னிடம் விட முடியாது மச்சான் என்றார். விட வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன் என்றார் யாகப்பு. வாசல்வரை கூட வந்த அன்ரன், சூசையப்பரும் கூலிக்கு மரம் சீவினவர்தானே, கோவிக்க மாட்டார் என்று சொல்லித் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சுருவம் வெளிக்கிட்டது. வெடி, மேளம், பூ. கொடிகள் முன்னால் போயின. யாகப்பு கயிற்றின் நடுவில், வாடிக்காரருக்கும் ஐஸ் உடைக்கிற பெடியன்களுக்கும் இடையில் இடம் பிடித்து நின்றார். ஊர்ச் சனம் பார்த்தது, குசுகுசுத்தது. ஒருவருக்கொருவர் கேட்டுச் சொல்லி, வண்டி நாற்பது அடி போவதற்குள் எல்லோருக்கும் விசயம் தெரிந்துவிட்டது. அவர் இடுப்பைப் பின்னால் கொடுத்துக் குதியை ஊன்றினார். கை மறந்திருக்கும் என்று பயந்தார். கை மறக்கவில்லை.

இரண்டாவது இழுவையில்தான் ஒன்று பிடிபட்டது. முப்பத்து மூன்று வருசம் அவர் இந்தச் சுருவத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தவர். கோயில் பீடத்தில் தூரத்தில் பார்த்திருக்கிறாரே தவிர, கடற்கரை வெளிச்சத்தில், ஆடி ஆடித் தன்னை நோக்கி வருகிற சூசையப்பருடைய முகத்தை ஒருநாளும் கண்டதில்லை. கயிறு இழுக்கிறவர்கள்தான் வழி நெடுக அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு போகிறவர்கள். யாகப்பு கோயில் வாசல் வரும்வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை. சந்தோசமாக இருந்தது. இடுப்பு நொந்தது, அதுவும் சந்தோசமாக இருந்தது.

கோயில் முற்றத்தில் மக்டலின் ஒரு சட்டி நெருப்போடு நின்றாள். பேசின் நிறையச் சுட்ட சூடை, பக்கத்தில் பாண், சம்பல். மாமாட பெயரால் என்று சொல்லிச் சொல்லிக் கயிறு இழுத்த அத்தனை பேருக்கும் கொடுத்தாள். பாரைத் தலைக்கு வராத கூட்டமெல்லாம் சூடைக்கு வந்தது. கடைசியில் அன்ரனும் ஒன்றைக் கேட்டு வாங்கித் தின்றார்.

போன் செவ்வாய்க்கிழமை அடித்தது. யாகப்பு பூவரசின் கீழே வலையோடு இருந்தார். கொழும்பிலிருந்து ஒரு தம்பி, மரியாதையான குரல். மக்டலின் காதில் வைத்துக்கொண்டு முற்றத்திலேயே நின்று கதைத்தாள்.

"ஓம், யாகப்புட வீடுதான். நான் அவர்ட பெண்சாதி."

"..."

"ஓம், அது பிழை. இது சரி. அவர்ட தகப்பன் கரைவலைக் கயிறு இழுத்தவர். கூலிக்கு. பேர் சூசை. சம்மாட்டி இல்ல. ஓம், எனக்கு நல்லாத் தெரியும் தம்பி, என்ட மாமாதானே."

யாகப்பு வலையைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கடைசிச் சொல்லில் கண்ணிகள் எல்லாம் ஒன்றோடொன்று கலங்கிப்போயின. தம்பி என்னவோ கேட்டுக்கொண்டு போனார், மக்டலின் ஓம் போட்டுக்கொண்டு போனாள். ஒரு இடத்தில் அவள் குரல் திடீரென்று நிமிர்ந்தது.

"இல்ல தம்பி. ஒண்டில இருந்து அஞ்சில்ல. ஆறு."

அந்தப் பக்கத்தில் தம்பி விளங்கப்படுத்தினார். குடும்பத் தலைவர் சொன்னதைத்தான் பதிய முடியும், அவர் ஐந்து என்று சொல்லியிருக்கிறார்.

மக்டலின் போனை ஈரக் கையால் நீட்டினாள். யாகப்பு பெண்சாதியைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் கல் வீடும், கிணற்று மோட்டரும், கொடியில் காய்கிற மகளின் ரீச்சர் சேலையும் இருந்தன. போனை வாங்கிக் காதில் வைத்துத் தொண்டையைச் செருமினார்.

"ஓம் தம்பி" என்றார். "ஆறு எண்டே போடுங்க."